மசூதாவைப் போல ஒரு பொம்மை

அந்த வருஷம் மசூதா வீட்டிலிருந்து ஒரு குச்சிகூடக் காணாமல் போகவில்லை. அதுதான் அவளுக்கு முதலில் உறுத்தியது.

புளித்த மாவே தொடக்கூடாத பெசாக் பண்டிகை முடிந்து, கடைகளில் உப்பிய ரொட்டி மறுபடி வர ஆரம்பித்ததும் பேர்ஷேவாவில் பிள்ளைகளுக்கு வேறு நினைப்பு ஓடாது. லாக் பாஓமெர் நெருங்கிக்கொண்டிருக்கும். ரபி ஷிமோன் என்ற மகானை நினைத்து ஊர் முழுக்க நெருப்பு மூட்டுகிற நாள் அது. பெரியவர்கள் மெழுகுவத்தி ஏற்றி, அவர் பெயரைச் சொல்லி வேண்டிக்கொள்வார்கள். பிள்ளைகளுக்கு மகானைவிட விறகுதான் முக்கியம். எந்தக் கட்டிடத்துப் பிள்ளைகளின் நெருப்பு உயரம் என்பதில்தான் அவர்களுடைய மானமே இருக்கிறது. சந்தையில் தக்காளிப் பெட்டிகளைக் கிளப்புவார்கள். கட்டிட வேலை நடக்கிற இடங்களில் பலகையை உருவுவார்கள். சூப்பர் மார்க்கெட்டின் தள்ளுவண்டியில் எல்லாவற்றையும் ஏற்றி, சக்கரம் கிறீச்சிட வெயிலில் தள்ளிக்கொண்டு வருவார்கள். பக்கத்துக் கட்டிடத்துக் குவியலில் கைவைப்பதை அவர்கள் யாருமே திருட்டு என்று நினைப்பதில்லை.

மசூதா தரைத் தளத்தில் இருந்தாள். பின்பக்கம் காலி மனை. குவியல் எப்போதும் அங்கேதான் வளரும். ஆகவே முதல் சேதாரம் அவளுக்குத்தான். ஒரு வருஷம் துணிக்கொடியைத் தாங்கும் கம்பு போனது. இன்னொரு வருஷம் சமையலறை ஜன்னலின் மரச்சட்டம். பழுதுபார்க்க வெளியே வைத்திருந்த நாற்காலி ஒன்றும் போனது. அவள் கணவன் மக்லூஃப் சாகும்வரை உட்கார்ந்திருந்த நாற்காலி அது. அந்தத் தடவை அவள் எரிகிற குவியல்வரை போய்க் கத்திவிட்டு வந்தாள். நாற்காலியின் கால் அதற்குள் கரியாகியிருந்தது.

இந்த வருஷம் எதுவும் போகவில்லை. படிக்கட்டுக்கு அடியில் அவள் போட்டு வைத்திருந்த பழைய அலமாரிக் கதவுகூட அப்படியே இருந்தது. பூட்டில்லை, மறைவில்லை, போகிற வருகிற பிள்ளைகள் கண்ணில் படும் இடம். அதை ஒருத்தனும் தொடவில்லை. அதற்கு மேல், மாடிப் பிள்ளைகள் அவளைக் கண்டால் வணக்கம் சொல்ல ஆரம்பித்தார்கள்.

"ஷாலோம் அத்தே, நல்லா இருக்கீங்களா?"

மசூதா வாழ்நாளில் பாதியை அடுத்தவர் பையைத் திறந்து பார்த்தே கழித்தவள். கேட்காமல் சிரிக்கிற ஆளின் பையைத்தான் அடிவரை பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

பேர்ஷேவா பஸ் நிலையத்தின் வாசலில் ஒரு மேஜை போட்டிருப்பார்கள். அதற்குப் பின்னால் மசூதா நிற்பாள். குண்டு வைக்கிறவர்களுக்குப் பயந்து நாடு முழுக்க இப்படி வாசல்களில் ஆள் போட்டிருந்த காலம். நாலு மூலையிலிருந்தும் வருகிறவர்கள், சிப்பாய்கள், கோழியைக் கூடையில் கொண்டுவரும் பாலைவனத்துப் பெதுவின் பெண்கள், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பால் புட்டியைத் தேடுகிற தாய்கள் எல்லோரும் அவள் முன்னால் பையைத் திறந்துதான் உள்ளே போக வேண்டும். மக்லூஃபுக்கு நுரையீரல் கெட்டுப்போன பிறகு அவளுக்கு அந்த வேலை கிடைத்தது. தலைநரைத்து, முட்டி வலி பொறுக்காமல் போகும்வரை செய்தாள்.

அதில் ஒரு விஷயம் அவளுக்குப் பெருமை. பையின் வாயைத் தன் வயிற்றுப் பக்கம் திருப்பித்தான் திறப்பாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கிழவரின் பைக்குள்ளிருந்து தைத்துத் தைத்து நைந்த உள்ளாடைகள் மேஜைமேல் விழுந்தன. பின்னால் நின்ற இரண்டு சிப்பாய்கள் சிரித்தார்கள். கிழவரின் கழுத்து சிவந்ததைப் பார்த்தவள் அன்றிலிருந்து அப்படி. ஒருவர் பையில் இருப்பது அடுத்தவருக்குத் தெரியாது. அவளுக்கு மட்டும் தெரியும். யார் வீட்டில் சண்டை, யார் ஊரைவிட்டே போகிறாள், யாருக்குச் சர்க்கரை வியாதி என்று பஸ் நிலையத்தில் அவள் அறியாதது குறைவு.

சந்தேகம் அவளுக்கு வேலையோடு வந்ததல்ல, அதற்கும் முந்தியது. மொராக்கோவில் அட்லஸ் மலைக்குக் கீழே ஒரு சின்ன ஊரிலிருந்து, கையில் பிள்ளையோடு, மக்லூஃபோடு கப்பலேறி வந்தவள். ஹைஃபா துறைமுகத்தில் தொப்பி வைத்த ஒருவன் மூட்டைகளை இங்கே வைத்துவிட்டுப் போங்கள், பின்னாலேயே லாரியில் வரும் என்றான். அவள் கல்யாணத்தில் உடுத்திய பொன்னிழை அங்கியும், அவள் அம்மாவின் செப்புப் பாத்திரங்களும் அந்த மூட்டையில் இருந்தன. இருட்டுகிற நேரம் அவர்களைப் பாலைவனத்தில் தகரக் கொட்டகைகளுக்கு நடுவே இறக்கிவிட்டார்கள். மூட்டை பின்னால் வரவில்லை. மக்லூஃப் வரும் வரும் என்று சொல்லியே ஒரு குளிர்காலத்தை ஓட்டினான். மசூதா மட்டும் வந்த முதல் நாளே நம்புவதை விட்டுவிட்டாள்.

அந்தப் பிள்ளை இப்போது எய்லாத்தில் கப்பல்களுக்குச் சாமான் ஏற்றுகிற இடத்தில் வேலையாயிருந்தான். வெள்ளிக்கிழமைதோறும் போன் பண்ணுவான். மசூதா தனியாக இருந்தாள். வேலை போய்விட்டாலும் கை சும்மா இருக்கவில்லை. கட்டிடத்தின் நுழைவாயிலில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து, ஏறி இறங்குகிறவர்களைக் கவனித்துக்கொண்டிருப்பாள். பிள்ளைகளின் பைகளை நிறுத்திப் பார்ப்பாள். அவள் முற்றத்தில் விழுந்த பந்து திரும்பி வர வேண்டுமானால் யார் உதைத்தது என்று சொல்லியாக வேண்டும். பிள்ளைகள் அவளைப் "போலீஸ்" என்றார்கள். அது அவள் காதுக்கும் வந்தது. அதில் அவளுக்கு வருத்தமில்லை.

அப்படிப்பட்டவளுக்கு இப்போது தினமும் ஷாலோம் கிடைத்தது.

மாடியில் கிராசியா இருந்தாள். அவளும் மொராக்கோக்காரி, ஆனால் கடற்கரைப் பட்டணத்துக்காரி. அந்தத் திமிர் கொஞ்சம் உண்டு. இருவரும் முப்பது வருஷமாகச் சாயங்காலம் புதினா போட்ட டீ குடிக்கிறவர்கள். மசூதா அவளிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"பிள்ளைங்க எதையோ மறைக்கிறாங்க கிராசியா. இத்தனை மரியாதை எனக்கு யாரும் சும்மா தர மாட்டாங்க."

"மரியாதை கொடுத்தாலும் குத்தமா உனக்கு? டீயக் குடி, ஆறுது."

கிராசியா அதைச் சொல்லும்போது டீ கிளாஸைப் பார்த்துச் சொன்னாள். மசூதா அதையும் கவனித்தாள். கிராசியா வாயாடி. ஒரு விஷயத்தைக் கொடுத்தால் மறு விஷயம் கேட்காமல் விட மாட்டாள். அன்றைக்கு அவள் பேச்சை வெங்காய விலைக்குத் திருப்பிவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து மசூதாவின் துணிக்கொடியிலிருந்து வீட்டு அங்கி ஒன்று போனது. நீலத்தில் மஞ்சள் பூப்போட்டது, முன்னால் பொத்தான் வைத்தது, இடது பையின் ஓரம் கிழிந்து கறுப்பு நூலால் தைத்தது. விறகு தேடுகிற பிள்ளைகளுக்குத் துணி எதற்கு? காற்று அடித்துக்கொண்டு போயிருக்கும் என்றாள் கிராசியா. அன்று இலை அசையவில்லை.

மசூதா தன் வேலையை ஆரம்பித்தாள். காய்கறி வாங்கப் போகிறவள் போலக் கையில் கூடையை மாட்டிக்கொண்டு காலி மனையைச் சுற்றி வந்தாள். குவியல் அவள் தலையைத் தாண்டி வளர்ந்திருந்தது. பெட்டிகள், கட்டில் கால்கள், ஒரு முழுக் கதவு, பனைமட்டைகள். எல்லாம் ஒழுங்காக அடுக்கியிருந்தன. அது அஸ்ரியேலின் கை என்று பார்த்ததும் தெரிந்தது. மூன்றாம் மாடி அஸ்ரியேலுக்குப் பன்னிரண்டு வயது. பெசாக்கிலிருந்து லாக் பாஓமெர்வரை முடி வெட்டக்கூடாது என்பதால் அவன் முடி கண்ணை மறைத்து விழுந்துகொண்டிருந்தது. மற்றப் பிள்ளைகளை அவன் அதட்டியதில்லை. மெதுவாக ஒன்று சொல்வான், அவர்கள் செய்வார்கள். மசூதாவுக்கு அவன்மேல்தான் அதிகச் சந்தேகம். ஷாலோம் சொல்லாத ஒரே பிள்ளை அவன்தான்.

அவள் பக்கத்தில் வந்ததும் பேச்சு நின்றது. காவலுக்கு நின்ற பையன் விசில் அடித்தான். அஸ்ரியேலின் தங்கை யாஃபித் குவியலுக்குப் பின்னால் ஓடி, எதன்மேலோ சாக்கை இழுத்துப் போர்த்தினாள். அவளுக்கு ஆறு வயது, முன்பல் இரண்டும் விழுந்திருந்தது.

"என்னடி அது?"

யாஃபித் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஒண்ணுமில்ல அத்தே, நாங்க சாக்கு காய வைக்கிறோம்" என்றான் விசில் அடித்தவன்.

மசூதா கூடையோடு வீட்டுக்குத் திரும்பினாள். பிற்பகல் எல்லோரும் சாப்பிட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுக்கிற நேரம் பார்த்து மறுபடி வந்தாள். காவலுக்கு இருந்த பிள்ளை பெட்டி நிழலில் தூங்கியிருந்தது. அவள் சாக்கின் ஓரத்தைத் தூக்கினாள்.

முதலில் தெரிந்தது அவளுடைய அங்கி. நீலத்தில் மஞ்சள் பூ, கிழிந்த பையில் கறுப்பு நூல். உள்ளே செய்தித்தாளும் வைக்கோலும் திணித்து, கைகால் வைத்து ஒரு பொம்மை செய்திருந்தார்கள். தலைக்குத் தலையணை உறை. அதில் கரியால் கண்ணை உருட்டி உருட்டி வரைந்திருந்தார்கள், புருவம் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்திருந்தது. தலையில் முடிந்திருந்த கறுப்புத் துணி கிராசியாவின் பழைய தலைத்துணி. அதில் வெற்றிலை அளவுக்கு ஒரு கறை இருக்கும், மசூதாவுக்கு அந்தக் கறை நன்றாகத் தெரியும். மாதுளம்பழம் உடைத்தபோது பட்டது, மசூதாவின் வீட்டில்தான்.

லாக் பாஓமெர் நெருப்பில் பொம்மை எரிப்பது புதிதில்லை. வேதத்தில் வருகிற எதிரிகளான ஆமானை எரிப்பார்கள், பார்வோனை எரிப்பார்கள், பேப்பரில் வருகிற எதிரி யாரையாவது எரிப்பார்கள். ஒரு வருஷம் பள்ளிக்கூடக் கணக்கு வாத்தியாரை எரித்து அடி வாங்கினார்கள்.

மசூதா சாக்கை இருந்தபடியே போர்த்தினாள். வீட்டுக்குள் வந்து சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தாள். தான் நினைத்தது சரியாகப் போனால் அவளுக்கு ஒரு திருப்தி இருக்கும். பஸ் நிலையத்தில் ஒரு பையைச் சந்தேகப்பட்டு உள்ளே கத்தி இருந்தால் அன்றைக்குச் சாப்பாடு ருசிக்கும். இன்றைக்கு அவள் சந்தேகம் எள்ளளவும் பிசகவில்லை, ஆனால் தட்டில் எடுத்த ரொட்டியை அவள் திரும்ப மூடி வைத்தாள்.

சாயங்காலம் மாடி ஏறினாள். கிராசியா பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தாள்.

"உன் தலைத்துணி எங்கடி?"

"எந்தத் தலைத்துணி?"

"மாதுளம்பழக் கறை உள்ளது."

கிராசியாவின் கை நின்றது. பிறகு மறுபடி உரிக்க ஆரம்பித்தாள். பிள்ளைகள் வந்து பழந்துணி கேட்டார்கள், கொடுத்தேன் என்றாள். எதற்கென்று தெரியுமா என்று மசூதா கேட்டாள். கிராசியா அடுத்த பீன்ஸை எடுத்தாள்.

"தெரிஞ்சுதான் கொடுத்தியா?"

"பாதியிலதான் தெரிஞ்சுது. குழந்தைங்க விளையாட்டு மசூதா. அன்னைக்குச் சாயங்காலம் நீ உன் பையன் வீட்டுக்கு எய்லாத் போயிட்டு வா. உன் கண்ணால பாக்க வேணாம்."

"எனக்கு முப்பது வருஷமா டீ ஊத்தின கை இது" என்றாள் மசூதா. படியிறங்கினாள். அன்றைக்கு டீ இல்லை, மறுநாளும் இல்லை.

எய்லாத்துக்கு அவள் போகவில்லை. யாரிடமும் புகார் சொல்லவும் இல்லை. நாலு பேர் வீட்டில் போய்ச் சொல்லியிருந்தால் அடி விழுந்திருக்கும், பொம்மை குப்பைக்குப் போயிருக்கும். அவள் முந்தைய வருஷங்களில் அதைத்தான் செய்திருப்பாள். இந்தத் தடவை அவளுக்குத் தெரிய வேண்டியது வேறு. யார் இதை முதலில் சொன்னது? எதற்காக? பந்துக்காக யாரும் ஆளை எரிக்க மாட்டார்கள். இரண்டு மாதம் முன்னால், பிள்ளைகள் பட்டாசு வெடிக்கிற பூரிம் பண்டிகையன்று அஸ்ரியேலின் பையிலிருந்த பட்டாசுகளை அவள் வாளித் தண்ணீரில் போட்டது உண்மை. பட்டாசு வெடித்து விரல் போன பிள்ளைகளை அவளுக்குத் தெரியும், அவன் அம்மாவே நன்றிதான் சொல்லியிருக்க வேண்டும். அதற்குமா இது?

லாக் பாஓமெர் சாயங்காலம் அவள் உருளைக்கிழங்குகளைக் கழுவி, ஒவ்வொன்றாக வெள்ளித்தாளில் சுற்றி ஒரு பேசினில் அடுக்கினாள். ரபி ஷிமோன் பெயரில் ஒரு மெழுகுவத்தி ஏற்றி ஜன்னலில் வைத்தாள். பிறகு கைப்பையைத் தோளில் மாட்டி, ஒரு கையில் நாற்காலியும் இடுப்பில் பேசினுமாகக் காலி மனைக்கு நடந்தாள். வெளிச்சம் இன்னும் முழுக்கப் போகவில்லை. நகரத்தின் மேல் அங்கங்கே புகை எழும்ப ஆரம்பித்திருந்தது.

பிள்ளைகள் அவளைக் கண்டதும் கல்லாய் நின்றார்கள். கம்பில் கட்டிய பொம்மை சாக்குக்குள் குவியலின் பக்கத்தில் நின்றது. மசூதா நாற்காலியைச் சரியாக அதற்கும் குவியலுக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்தாள்.

"என்ன, இன்னும் பத்த வைக்கலையா?"

"இதோ... வைக்கப் போறோம் அத்தே."

"அந்தச் சாக்குக்குள்ள என்ன?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கு எதுக்குடா கால் இருக்கு?"

சாக்குக்குக் கீழே ஒரு ஜோடி பழைய செருப்பு தெரிந்தது. பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒருவன் அது பார்வோன் என்றான், அதே நேரத்தில் இன்னொருவன் ஆமான் என்றான். யாஃபித்தால் பொறுக்க முடியவில்லை.

"அது நீங்கதான் அத்தே" என்றாள். "மூக்கு நான் வரைஞ்சேன்."

மசூதா எழுந்து சாக்கை உருவினாள். பிள்ளைகளில் இரண்டு பேர் ஓடத் தயாரானார்கள். அவள் பொம்மையை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். முன்பு அவள் சாக்கைத் தூக்கிப் பார்த்ததற்கு மேல் இப்போது ஒன்று சேர்ந்திருந்தது. பொம்மையின் கையில் ஒரு துணிப்பை தொங்கியது, வாய் கட்டிய பை. அவளுடைய விரல்கள் அவளைக் கேட்காமலே முடிச்சை அவிழ்த்தன.

உள்ளே ரொட்டி. காய்ந்த துண்டுகள், பாதி கடித்தவை, ஓரம் மட்டும் மிஞ்சியவை.

அவளுக்கு உண்மையாகவே கோபம் வந்தது அப்போதுதான். கீழே விழுந்த ரொட்டியை எடுத்து முத்தமிட்டு மேலே வைக்கிற வீட்டில் வளர்ந்தவள் அவள். "என்னை எரிச்சுக்கோங்க. ரொட்டியை எவனாவது நெருப்புல போடுவானா? யார் வச்சது இதை?"

எல்லோரும் அஸ்ரியேலைப் பார்த்தார்கள். அவன் முடியை நெற்றியிலிருந்து ஒதுக்கினான்.

"நீங்கதான் கொட்டினீங்க" என்றான்.

"நான் எங்கடா ரொட்டியைக் கொட்டினேன்?"

"பூரிம் அன்னைக்கு. படியில. என் பையைத் தலைகீழாப் பிடிச்சுக் கொட்டினீங்க. எல்லாரும் பாத்தாங்க."

மசூதாவுக்குப் பட்டாசு மட்டும்தான் ஞாபகம் இருந்தது. இப்போது மற்றதும் வந்தது. சிவப்புத் தாள் சுற்றிய பட்டாசுகளோடு சேர்ந்து ரொட்டித் துண்டுகளும் படியில் விழுந்தன. பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் தின்று மிச்சம் வைத்தவை. அவள் அதைப் பார்த்து, "இதென்ன, வீட்டுல கோழி வளர்க்கிறியா?" என்று கேட்டாள். பிள்ளைகள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பட்டாசைப் பிடித்த சந்தோஷம் அவளுக்கு.

நெசவு ஆலையில் ஆட்களைக் குறைத்தது அவளுக்குத் தெரியும். அஸ்ரியேலின் அப்பா காலையில் எங்கேயும் போகாமல் வாசலில் நின்று சிகரெட் பிடிப்பதையும் அவள் குளிர்காலத்திலிருந்தே பார்த்திருக்கிறாள். குடிக்கிறானோ, கடன்காரனுக்குப் பயந்து நிற்கிறானோ என்று அவனைக்கூடச் சந்தேகப்பட்டிருக்கிறாள். அந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை.

"அப்புறம் எல்லாரும் என்னைக் கோழின்னுதான் கூப்பிட்டாங்க" என்றான் அஸ்ரியேல். "இவங்களும்தான்."

மற்றப் பிள்ளைகள் தரையைப் பார்த்தார்கள்.

மசூதா நாற்காலியில் உட்கார்ந்தாள். எத்தனையோ ஆயிரம் பேரின் பையை வயிற்றுப் பக்கம் திருப்பித் திறந்தவள். சம்பளத்துக்கு நின்ற இடத்தில் காட்டிய மரியாதையை, தன் வீட்டு வாசலில் ஒரு பிள்ளைக்குக் காட்டவில்லை. மன்னிப்புக் கேட்கிற பழக்கம் அவளுக்கு இல்லை, அந்த வார்த்தை வாயில் வரவில்லை. தோளிலிருந்து கைப்பையைக் கழற்றி அவனிடம் நீட்டினாள்.

"இந்தா. திற. எல்லார் முன்னாடியும் கொட்டு. உள்ள என்ன இருந்தாலும் சிரிச்சுக்கோங்க."

யாஃபித் ஆசையோடு ஓரடி முன்னால் வந்தாள். அஸ்ரியேல் கையை நீட்டவில்லை.

"வேணாம். அடுத்தவங்க பையை நான் திறக்க மாட்டேன்."

அவன் குத்திக் காட்டுகிறானோ என்று மசூதா அந்த முகத்தை ஆராய்ந்தாள். வாசல் மேஜைக்குப் பின்னால் நின்று ஆராய்ந்த அத்தனை முகங்களைப் போலவே இதையும் ஆராய்ந்தாள். குத்தல் எதுவும் அங்கே இல்லை. வேண்டாம் என்றால் வேண்டாம், அவ்வளவுதான். அவள் நீட்டிய கையை மடக்கிக்கொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது.

பிறகு எழுந்து பொம்மையின் அங்கியைப் பொத்தான் பொத்தானாகக் கழற்றினாள். "இது என்னோடது. இன்னும் ரெண்டு வருஷம் உழைக்கும்." அதை உதறி, மடித்துத் தோளில் போட்டுக்கொண்டாள். ரொட்டிப் பையை எடுத்து நாற்காலியின் முதுகில் மாட்டினாள். காகிதமும் வைக்கோலும் கிராசியாவின் தலைத்துணியுமாகப் பொம்மை நின்றது.

"மீதி உங்களோடது. போடுங்க."

அஸ்ரியேல் நம்பவில்லை. இப்போது சந்தேகப்படுவது அவன் முறை. அவளைப் பார்த்தான், பொம்மையைப் பார்த்தான், மறுபடி அவளைப் பார்த்தான். போட்டதும் கத்துவாளா, அப்பாவிடம் போவாளா என்று கணக்குப் போடுவது அவன் முகத்தில் தெரிந்தது. மசூதா நாற்காலியைப் பின்னால் இழுத்து வழிவிட்டாள்.

அவன் குவியலின் அடியில் தீ வைத்தான். பனைமட்டை சடசடவென்று பற்றியது. நெருப்பு ஆளுயரம் வந்ததும் கம்போடு பொம்மையைத் தூக்கி உள்ளே சாய்த்தான். பிள்ளைகள் வழக்கம்போல ஓவென்று கத்த ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டார்கள். செய்தித்தாள் வேகமாக எரிந்தது. கரியில் வரைந்த கண்கள் கொஞ்ச நேரம் நின்று, சுருங்கி, போயின. மசூதா பார்த்துக்கொண்டேயிருந்தாள். வலித்தது. ஆனால் முகத்தைத் திருப்பவில்லை.

"மூக்கு அவ்வளவு பெருசா எனக்கு?" என்று யாஃபித்திடம் கேட்டாள்.

"இல்ல அத்தே. துணி சுருங்கிடுச்சு."

தழல் அடங்கியதும் உருளைக்கிழங்குகளைக் கங்குக்குள் புதைத்தார்கள். யார் எதைப் புதைத்தது என்று சண்டை வந்தது, மசூதா தீர்த்து வைத்தாள். கிராசியா பால்கனியிலிருந்து இவ்வளவையும் பார்த்திருக்க வேண்டும். கையில் உப்புக் கிண்ணத்தோடு இறங்கி வந்து, மசூதாவின் பக்கத்தில் நின்றாள். தலைத்துணியை மட்டும்தான் கொடுத்தேன், அங்கியை நான் தொடவில்லை என்றாள். யார் எடுத்தது என்று மசூதா கேட்டாள். யாஃபித் உருளைக்கிழங்கை ஊதி ஊதித் தின்பதில் மும்முரமாக இருந்தாள். கிராசியா வேறெங்கோ பார்த்தாள். மசூதா அதற்கு மேல் விசாரிக்கவில்லை. கிராசியாவும் போகவில்லை. நிற்க முடியாமல் கடைசியில் ஒரு தக்காளிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

அம்மாக்கள் எல்லோரையும் வீட்டுக்குக் கூப்பிட ஆரம்பித்த பிறகு நெருப்பை அணைக்க அஸ்ரியேல் மட்டும் நின்றான். மசூதா போகவில்லை. அணைந்தது என்று பிள்ளைகள் சொல்வதை அவள் எந்த வருஷமும் நம்பியதில்லை. தன் வீட்டிலிருந்து வாளியைக் கொண்டுவந்தாள். அவன் ஊற்றினான். அவள் கம்பால் சாம்பலைக் கிளறி, அங்கே இன்னும் புகைகிறது என்று காட்டினாள். அவன் அங்கேயும் ஊற்றினான்.

மறுநாள் ஊர்ப் பையன்களெல்லாம் முடி வெட்டிக்கொண்டார்கள். அஸ்ரியேலின் முகம் வெளியே தெரிந்தது. அவன் அதற்குப் பிறகும் ஷாலோம் சொல்லவில்லை. மசூதா எதிர்பார்க்கவும் இல்லை.

அவர்கள் வீட்டுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று அவளுக்கு அரித்துக்கொண்டேயிருந்தது. சாப்பாட்டுப் பாத்திரத்தோடு மாடியேறினால் கட்டிடம் முழுக்கத் தெரியும், அந்தப் பையனின் பையை மறுபடி படியில் கொட்டினது போலாகும். ஆகவே ஒருநாள் பஸ் நிலையத்துக்குப் போய்த் தன் பழைய மேலதிகாரியைப் பிடித்து, வாசல் காவலுக்கு ஆள் வேண்டுமா என்று கேட்டாள். பார்க்கலாம் என்றார்கள். பார்க்கவில்லை. அவளும் இரண்டு தடவை நடந்து பார்த்து விட்டுவிட்டாள். அந்த விஷயத்தை அவள் அஸ்ரியேலின் வீட்டில் யாருக்கும் சொன்னதில்லை, கிராசியாவுக்குத்தான் சொன்னாள்.

நுழைவாயிலில் உட்காருவதை மட்டும் அவள் விடவில்லை. பிள்ளைகளை நிறுத்தவும் செய்தாள். அடுத்த பூரிம் வந்தபோது பட்டாசு இருக்கிறதா என்று கேட்டாள். ஆனால் சந்தேகப்பட்ட பிள்ளையைக் கையைப் பிடித்துத் தன் வீட்டுக்குள் கூட்டிப்போய், கதவைச் சாத்திக்கொண்டுதான் பையைத் திறக்கச் சொன்னாள். அதற்கும் பிள்ளைகள் பயந்தார்கள். உள்ளே கூட்டிப்போய் அவள் என்ன செய்கிறாள் என்று வெளியே நாலு கதை உலவியது.

அஸ்ரியேலின் அப்பாவுக்கு அடுத்த கோடையில் அஷ்தோத் துறைமுகத்தில் வேலை கிடைத்தது. யார் தயவும் இல்லாமல் அவராகவே தேடிக்கொண்டது. அவர்கள் வீட்டைக் காலி செய்தார்கள். ஒரு சின்ன லாரி வந்தது. மெத்தைகள், பிரிட்ஜ், சட்டிகள் கட்டிய போர்வைகள் எல்லாம் படியிறங்கின. மசூதா முக்காலியில் உட்கார்ந்து ஒன்றுவிடாமல் பார்த்தாள். லாரிக்காரன் மூட்டைகளை வாங்கி ஏற்றுவதை அவளுக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை. ஆள் எந்த ஊர், சாமான்கள் கூடவே போகுமா, பின்னால் வருமா என்று யாஃபித்தின் அம்மாவைக் கேட்டாள். கூடவேதான், நாங்களும் இதே லாரியில்தான் போகிறோம் என்றாள் அவள்.

அஸ்ரியேல் மேலே நின்று கயிறு கட்டிக்கொண்டிருந்தான். அதற்குள் அவன் நல்ல உயரம் வளர்ந்திருந்தான். மசூதா எழுந்து போய்க் கயிற்றை இழுத்துப் பார்த்தாள்.

"இது நிக்காதுடா. இத்துப்போன கயிறு. முதல் திருப்பத்துலயே மெத்தை ரோட்டுல கிடக்கும்."

"வேற இல்லையே அத்தே" என்றான்.

அவள் உள்ளே போய்க் கட்டிலுக்கு அடியில் குனிந்து, மகன் எய்லாத்திலிருந்து கொண்டுவந்திருந்த கப்பல் கயிற்றை இழுத்து வந்தாள். மொத்தமான கயிறு, எண்ணெய் மணம் போகாதது. அவன் வாங்கிக் குறுக்கே இரண்டு சுற்றுச் சுற்றினான். முடிச்சை இன்னொரு தடவை போடச் சொன்னாள். போட்டான். வண்டி கிளம்பியது. யாஃபித் அம்மா மடியிலிருந்து கை காட்டினாள். லாரி தெருமுனை திரும்பும்வரை, முடிச்சு தளர்கிறதா என்று மசூதா நடுத்தெருவில் நின்று பார்த்துக்கொண்டேயிருந்தாள்.